நடுப்பெட்டி

போனில் யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது
பிளக் செருகியிருக்கிறதா என்றுதான்.
கோபப்படுவார்கள்.
பிறகு குனிந்து பார்க்கிற சத்தம் கேட்கும்.
பத்தில் மூன்று பேர் அதோடு வைத்துவிடுவார்கள்.
எனக்கு இருநூறு ரூபாய் நஷ்டம்.

மர்ஃபி டவுன் ஏகாம்பரம் வைக்கவில்லை.
"பாட்டு வருதும்மா, பேச்சு வரல."
எந்தப் படம் போட்டாலுமா?
"எந்தப் படம் போட்டாலும்.
சண்டை கேக்குது, மழை கேக்குது, ரயில் கேக்குது.
வாய் அசையுது. வார்த்தை இல்ல."

அல்சூர் ஏரியைச் சுற்றி ஸ்கூட்டரில் போகும்போதே
பாதி தெரிந்துவிட்டது.
லென்ஸில் அழுக்கென்றால் படம் கட்டம் கட்டமாக உடையும்.
டிஸ்க்கில் கீறலென்றால் ஒரே இடத்தில் விக்கும்,
வாயைப் பாதி திறந்தபடி கதாநாயகன் நிற்பான்.
ரிமோட் செத்திருந்தால் நானே வேண்டாம்,
இரண்டு பேட்டரி போதும்.
பேச்சு மட்டும் காணாமல் போவது
மெஷின் கோளாறே இல்லை.

ஹால் சுவரில் ஆணித் துளைகள் ஐந்து.
ஸ்பீக்கர் பெட்டி தொங்குவது இரண்டில்.
மிச்சம் எங்கே என்றேன்.
ஏகாம்பரம் சீலிங்கைப் பார்த்தார்.

மாடியில் தம்பி தணிகாசலம்.
போன ஆடியில் பாகம் பிரித்திருக்கிறார்கள்.
கீழ்வீடு, டிவி, பிளேயர், ஓரத்துப் பெட்டி இரண்டு இவருக்கு.
மேல்வீடு, கார், இன்வெர்ட்டர், மற்ற பெட்டிகள் அவருக்கு.
ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து.

அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்:
வீட்டில் எல்லாப் பெட்டியும் இருக்கிறதென்றுதான்
இந்த பிளேயர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.
பாட்டை ஓரங்களுக்குப் பிரித்துத் தருகிறது.
பேச்சை மட்டும், மொத்தமாக,
நடுப்பெட்டிக்கு அனுப்புகிறது.
அது மாடியில் இருக்கிறது.
"ஒயரே இல்லியேம்மா?"
இல்லைதான். அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது.

செட்டிங், ஆடியோ, ஸ்பீக்கர்.
ஐந்து புள்ளி ஒன்றை எடுத்துவிட்டு ஸ்டீரியோ.
நாற்பது விநாடி.
திரையில் ஒருத்தி பாதி வாக்கியத்திலிருந்து
"அப்படின்னு நானா சொன்னேன்?" என்றாள், ஹாலே அதிர.
இத்தனை நாளும் கேட்குமா கேட்குமா என்று
முழுசாகக் கூட்டி வைத்திருந்திருக்கிறார்.
ரிமோட்டைத் தேடினார். சோபா இடுக்கில் இருந்தது.

நாற்பது விநாடிக்கு இருநூறா என்று கேட்கவில்லை.
நல்ல மனுஷர்.

செருப்பை மாட்டும்போது மேலிருந்து கைதட்டல்.
"இந்தாம்மா, கார் டிவிடி பாப்பியா?"

தணிகாசலத்தின் காரில் பேச்சு கணீரென்று வருகிறது.
படம்தான் இல்லை.
கைப்பிரேக்கை இழுத்தேன், வந்தது.
விட்டேன், போயிற்று.
"நின்னாத்தான் தெரியும் சார்.
ஓட்டுறவங்க பாக்கக் கூடாதுன்னு வச்சது."
ஜே.சி. ரோட்டில் அந்த ஒயரை பாடியில் முறுக்கி
காரை ஏமாற்றிக் கொடுப்பார்கள். நான் செய்வதில்லை.
"சில்க் போர்டுல நின்னுகிட்டுதானே இருக்கோம்" என்றார்.
அதுவும் சரிதான். அங்கே கைப்பிரேக் போட்டால்
இடைவேளை வரைக்கும் பார்க்கலாம்.

பின்சீட்டில், துண்டு சுற்றி, நீளமாக ஒரு பெட்டி.
ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.
காரில் எதோடும் சேர்க்கவில்லை.
நான் கேட்கவுமில்லை.

பணத்தை எண்ணிக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல்:
"கீழ என்ன ரிப்பேர்?"
"பேச்சு வரல."
"இப்ப?"
ஜன்னல் வழியாக அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்,
ஒரு வார்த்தை விடாமல்.
"இப்ப வருது சார்."

நூற்றைம்பதுதான் கொடுத்தார்.
"மிச்சம் அம்பது
கீழ வாங்கிக்கோ."